அவ செஞ்ச வயரிங்

என் தலை கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் இருந்தது. கால் இரண்டும் வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வாயில் ஒரு ஸ்க்ரூ. இந்த நிலையில் படுத்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரரின் புகழை முதன்முதலாக முழுசாகக் கேட்டேன்.

"அண்ணாச்சி கை பட்ட வண்டில்லா. மழையோ சாரலோ, லைட்டு நின்னு எரியும் பாத்துக்கிடுங்க" என்று வெளியே ஒரு டிரைவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அனுபவந்தான் வே" என்றார் என் வீட்டுக்காரர். டீயை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

அந்த நேரத்தில் அவர்கள் பேசிய அந்த லைட்டுக்கான வயரைத்தான் நான் ரிலேயில் சொருகிக்கொண்டிருந்தேன். வாயில் ஸ்க்ரூ இருந்தால் சிரிக்க முடியாது. அழவும் முடியாது. இரண்டையும் முயன்று பார்த்திருக்கிறேன்.

அது குற்றாலத்தில் சீசன் நேரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் எங்கள் கடை. எதிரே தார்ப்பாய் கட்டி மங்குஸ்தான் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சாரல் கொட்டாது, பவுடர் போட்ட மாதிரி எல்லாவற்றின் மேலும் ஒட்டும். வேனின் மிதியடி ஈரத்தில் ஊறி, என் ரவிக்கையின் முதுகு முழுக்க நனைந்து, எழுந்தபோது ஈர ரப்பர் வாடை அடித்தது. அந்த வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

"மதினி எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"உள்ள தூத்துப் பெருக்கிட்டு இருக்கா" என்றார் அவர்.

பிளக்ஸ் திரை

ஆலங்குளத்தில் தையல் படித்தவள், தென்காசியில் ஒரு வண்டி எலக்ட்ரீசியனுக்கு வாக்கப்பட்டவள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். போன வாரம் படிக்காதவர்களுக்கு அது போதும். அவர் பெயர் பால்ராஜ். கடை போர்டில் அந்தப் பெயர்தான் இருக்கும். என் பெயர் இந்தப் பத்திரிகையில் தொடருக்கு மேலே அச்சாகிறது. கடைக்கு வந்த டிரைவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரியாது.

பொய் சொல்லக் கூடாது, அவர் நல்ல வேலைக்காரர். ஒரு காலத்தில் ஹாரன் சத்தத்தை வைத்தே எங்கே எர்த் விட்டிருக்கிறது என்று சொல்லுவார். அப்புறம் சர்க்கரை வந்தது. வந்தது தெரிந்தும் டீக்கு இரண்டு கரண்டி குறையாது.

ஒரு நாள் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தவர், "என்னட்டி ஒரு நாத்தம் வருது?" என்று கேட்டார். நானும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். இறைச்சி கருகுகிற வாடை. அவருடைய விரல்தான் கருகிக்கொண்டிருந்தது. விரல் நுனியில் உணர்ச்சி போயிருந்தது. அவர் விரலைப் பார்த்த பார்வையில் வலி இல்லை. வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு முதலில் டார்ச் பிடிக்கச் சொன்னார். அப்புறம் வயரைப் பிடிக்கச் சொன்னார். அப்புறம், "நீயே அந்த ரெண்டையும் சேத்துரு" என்றார். இப்படி ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தது. எந்த நாளில் முழு வேலையும் என்னுடையது ஆயிற்று என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எனக்கு அது கஷ்டமாகவும் இல்லை. ஆலங்குளத்தில் எனக்குத் தையல் சொல்லித் தந்த டீச்சர், ரவிக்கையை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டார். உள்பக்கம் புரட்டிப் பார்ப்பார். அங்கே நூல் தொங்கினால் முழுசையும் பிரிக்கச் சொல்லிவிடுவார். அவரை எவ்வளவோ வைதிருக்கிறேன். ஆனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் வயரைக் கட்டும்போது எனக்கு அந்தப் பழக்கம்தான் வந்தது. ஒவ்வொரு சாண் இடைவெளிக்கும் ஒரு டேப் சுற்று, ஒரே அளவு, ஒரே பக்கம்.

ஆனால் அதை யாரும் பார்க்கக் கூடாது என்பது அவருடைய ஏற்பாடு. ஷெட்டுக்கு முன்னால் ஒரு பழைய கல்யாண பிளக்ஸைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். யார் கல்யாணமோ. மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வண்டியின் மூக்கு அந்தத் திரைக்கு உள்ளே. அவர் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் வண்டியின் சீக்கைக் கேட்டு, திரையை விலக்கி உள்ளே வந்து என்னிடம் சொல்லுவார். நான் செய்வேன். அவர் வெளியே போய் கையைத் துணியில் துடைத்துக்கொள்ளுவார். கையில் அழுக்கே இருக்காது. இருந்தாலும் துடைப்பார்.

கறுப்புப் பெட்டி

ரிலே என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்காக. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் குண்டான கறுப்புப் பெட்டி. ஹாரனும் பெரிய விளக்குகளும் நிறையக் கரண்ட் இழுக்கும். அவ்வளவையும் ஸ்டியரிங் பக்கத்துச் சின்ன சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் உருகிவிடும். அதனால் சுவிட்சுக்குக் கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்து, அது ரிலேயைத் தட்டி எழுப்பும்படி செய்வோம். பேட்டரியிலிருந்து வரும் பெரிய கரண்டை ரிலேதான் வாங்கி விளக்குக்குக் கொடுக்கும். பேட்டரிக்கும் ரிலேக்கும் நடுவில் ஒரு பியூஸ் இருக்க வேண்டும். எங்கேயாவது வயர் உரசினால் பியூஸ் செத்து வண்டியைக் காப்பாற்றும்.

ரிலேயின் காலில் எண் போட்டிருக்கும். முப்பது என்ற காலுக்கு பேட்டரி வயர். எண்பத்தேழு விளக்குக்கு. மீதி இரண்டும் சுவிட்சுக்கும் எர்த்துக்கும். அவ்வளவுதான் வித்தை.

எங்கள் ஊருக்கு மட்டும் ஒன்று உண்டு. ரிலேயின் கால்கள் எப்போதும் கீழே பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில் எப்படி வேண்டுமானாலும் மாட்டுகிறார்கள். இங்கே மழை மேலிருந்து மட்டும் வராது, சாரல் பக்கவாட்டில் வந்து, போனட் இடுக்கில் புகுந்து, வாய் திறந்திருக்கிற எதிலும் போய் உட்காரும். கால் மேலே பார்த்தால் ஒரு சீசன் தாங்காது, உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்துவிடும்.

இதை ஒரு தடவை என் அக்கா மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காலேஜில் படிக்கிறவள். "அப்ப சித்தி, நீங்கதான் அந்த ரிலே" என்றாள், கண் கலங்கி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரிலே கெட்டுப்போனால் கழற்றி ரோட்டில் எறிந்துவிட்டு வேறு வாங்கிப் போடுகிறார்கள். அதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று கேட்டேன். அவளும் பேச்சை மாற்றிவிட்டாள்.

பால்ராஜ் சுவிட்ச்

செங்கோட்டை தாண்டி மலை ஏறினால் கேரளா. ஐயப்பன் சீசனில் எங்கள் வேன்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். நெற்றியில் நாலு விளக்கு, பம்பரில் நாலு, பக்கத்தில் நீலமும் பச்சையும் என்று மாட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பக்கம் இதையெல்லாம் விட மாட்டார்கள், பிடித்து நிறுத்திக் கழற்றச் சொல்லுவார்கள்.

"மதினி, அண்ணாச்சிட்ட கேட்டுச் சொல்லுங்க, எல்லாத்தையும் ஒரே தட்டுல அணைக்க வழி இருக்கா?" என்று ஒருத்தர் என்னிடமே கேட்டார். நான் அண்ணாச்சியிடம் கேட்கவில்லை. கூடுதல் விளக்குகளின் எல்லா ரிலேக்களையும் தட்டி எழுப்புகிற சின்ன வயர்களை ஒன்றாகக் கூட்டி, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரே சுவிட்சில் கொண்டுபோய் முடித்தேன். ஒரு தட்டு தட்டினால் வேன் நல்ல பிள்ளை ஆகிவிடும். தாண்டிய பிறகு மறுபடி தட்டினால் திருவிழாத் தேர்.

தப்புதான். ஆனால் வேலை சுத்தம். அந்த வருஷம் தென்காசி, இலத்தூர், சுரண்டை வேன்காரர்கள் எல்லாரும் அதைக் கேட்டு வந்தார்கள். கேட்டு வரும்போது ஒரு பெயரும் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்கும் ஒரு பால்ராஜ் சுவிட்ச் போட்டுருங்க."

நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பால்ராஜ் சுவிட்ச் போட்டுக்கொண்டிருந்தேன். அதை எத்தனை வண்டியில் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

முதல் ஹாரன்

எங்கள் பக்கத்து வேன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வயரிங் முடித்து வண்டியை வெளியே எடுக்கும்போது, ஓனர் சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். அதன் மேல் வண்டி ஏறி இறங்கும் முன், வயரிங் செய்த கை முதல் ஹாரனை அடிக்க வேண்டும். அந்தக் கை அடித்தால்தான் வழியில் வண்டி வாய் அடைத்து நிற்காது என்று நம்பிக்கை. அடித்தவருக்கு ஓனர் ஒரு துண்டு போர்த்துவார்.

எங்கள் வீட்டில் அப்படிச் சேர்ந்த துண்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் உள்ளங்கையால் ஹாரனை அமுக்கினார். விரலால் அமுக்கினால் எவ்வளவு அமுக்குகிறோம் என்று அவருக்குத் தெரியாது. நான் சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். துண்டும் வேண்டாம், போர்டில் பெயரும் வேண்டாம். ஒரே ஒரு தடவை, நாலு பேர் நிற்கிற இடத்தில், "இத அவ செஞ்சா" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். இதை ஒரு நாள் சோறு போடும்போது கேட்டும் விட்டேன்.

அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "சொன்னா வண்டி வருமாட்டி?" என்றார்.

"ஏன் வராது? இத்தன நாளு ஓடுத வண்டில்லாம் யாரு செஞ்சது?"

"அது நமக்குத் தெரியும். பொம்பள கை வச்சதுன்னா ஓட்டுதவன் பயப்படுவான். பொழப்பக் கெடுத்துக்கிடாத."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவர் சொன்னது நியாயமாகவும் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக எரிகிறது.

தங்கபாண்டியின் வேன்

சுரண்டையில் தங்கபாண்டி என்று ஒருவர். கடை கண்ணி உள்ளவர். ஒரு பழைய வேனை வாங்கி, பெயிண்ட் அடித்து, குற்றாலம் சீசனுக்கு டூரிஸ்ட் ஓட்ட விட்டார். டிரைவர் பெயர் கணேசன். பம்பர் விளக்குக்கு ஒன்று, நெற்றி விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று என்று மூன்று ரிலே கேட்டார்கள். பழைய வயரை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு முழுசாகப் புதுசாக இழுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த சுத்தமான வேலைகளில் அது ஒன்று. பெருமைக்குச் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்ததைச் சொல்லுகிறேன்.

வழக்கம்போல அவர் ஹாரன் அடித்தார். வழக்கம்போலத் துண்டு வந்தது.

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்த வேன் பழைய குற்றாலம் போய்விட்டு, இலத்தூர்ப் பக்கம் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறது. இலத்தூருக்குப் பிரிகிற விலக்கு வரும் முன்னால் டாஷ்போர்டிலிருந்து புகை. வண்டி நிற்பதற்குள் பயந்துபோய்க் குதித்திருக்கிறார்கள். தலை துவட்டாத ஈரத்தோடு பெண்களும் பிள்ளைகளும் ரோட்டில். ஒரு பெண்ணுக்கு விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறார்கள். நல்ல காலம், அதற்கு மேல் பரவவில்லை.

மத்தியானம் போல வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தார்கள். கூடவே ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லாரும். சாரலில் நனைந்த கருகிய பிளாஸ்டிக் வாடை ஷெட் முழுக்கப் பரவியது. நான் திரைக்கு உள்ளே வேறொரு ஆட்டோவுக்கு பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன வே பால்ராஜ் இது?" என்று தங்கபாண்டி இறங்கினார்.

அதுவரை அவர் வாயில் அண்ணாச்சி தவிர வேறு வந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஒம்ம நம்பித்தான வண்டிய விட்டேன்? சின்னப் புள்ளைல்லாம் இருந்துருக்கு உள்ள. எரிஞ்சு போயிருந்தா என்ன வே செய்வீரு? நாளப்பின்ன குத்தாலத்துல ஒருத்தன் என் வண்டில ஏறுவானா?"

கணேசன் பின்னால் நின்று, "வயரிங்கே சரியில்ல மொதலாளி, நான் அப்பமே நெனச்சேன்" என்றான்.

என் வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கையை மேலே காட்டிக்கொண்டு நின்றார். நான் திரையின் ஓரத்தில் இருந்த கிழிசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் தொடலப்பா" என்றார். "என் வெரலு இப்பம் சரியில்ல. அந்த வண்டி முழுக்க அவதான் செஞ்சா. அவளயே கேளுங்க."

கேட்க வேண்டியதைக் கேட்டேன்

இத்தனை வருஷம் நான் காத்திருந்த வாக்கியம் அது. நாலு பேர் நிற்கிற இடத்தில், அவர் வாயால், ஒரு சொல் குறையாமல் சொன்னார்.

உடம்பெல்லாம் சுட்டது. அவமானம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அவமானம்கூடக் கொஞ்ச நேரம்தான், அப்புறம் வந்தது சுத்தமான வெறுப்பு. ஒரு மனுஷனோடு ஒரே பாயில் படுத்து எழுந்து, அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, அவர் விரலில் புண் இருக்கிறதா என்று தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் நான். எனக்கு அப்படி வரும் என்று நானே நினைத்ததில்லை.

யாரோ திரையை இழுத்தார்கள். ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து மாப்பிள்ளையும் பெண்ணும் சரிந்தார்கள். கையில் பல்போடு நான் நின்றேன்.

"பொம்பளையா செஞ்சா?" என்றான் ஒருவன். "அதான பாத்தேன்."

ஒரு டிரைவர் செல்போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தான். அந்த வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் வேன்காரர்கள் குரூப்பில் எல்லாம் சுற்றியது. பொம்பளை செய்த வயரிங் என்று எழுதி, மேலே தீ எரிகிற படம் போட்டிருந்தார்கள். ஆலங்குளத்தில் இருக்கிற என் தம்பிக்குக்கூடப் போய்ச் சேர்ந்தது.

"சாவியக் குடுங்க" என்றேன்.

கணேசன் கொடுக்கவில்லை. "இன்னும் என்னத்த எரிக்கப் போறிய?" என்றான்.

"சாவி வேண்டாம். பேட்டரிய மட்டும் கழத்துங்க. நான் பாக்கணும்."

தங்கபாண்டி தலையாட்டினார். பேட்டரியைக் கழற்றினார்கள். நான் படுத்துத் தலையை உள்ளே விட்டேன். மண்ணும் கரியும். ஆனால் நான் கட்டின கட்டு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. முதல் ரிலேயின் முப்பதாம் காலில் இரண்டு வயர் இருந்தது. நான் போட்டது ஒன்று. இரண்டாவது, ஸ்பீக்கருக்குப் போடுகிற ஒல்லியான சிவப்பு வயர். அதைப் பிடித்துக்கொண்டே போனால், சீட்டுக்கு அடியில் பாட்டுக்கு வைத்திருந்த ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர். அதை முடுக்கின ஸ்க்ரூ வயரின் மேலேயே ஏறி, வயர் பாடியில் உரசிக் கரிந்திருந்தது.

வயர் உரசினால் பியூஸ் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் என்று பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். அது எப்போதோ செத்த பியூஸ். அதன் மேல் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளை அழகாகச் சுற்றி, மறுபடி சொருகி வைத்திருந்தது.

எழுந்து வெளியே வந்து நீட்டினேன். "இந்தா. இத யாரு சுத்துனது?"

அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் எங்காவது ஒரு ராத்திரி வழியில் அந்த வேலையைச் செய்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாத பொருள் இல்லை அது.

கணேசன் தரையைப் பார்த்தான். "டூரிஸ்ட்டுக்காரவ பாட்டு பாட்டுன்னு சத்தம் போடுதாவ. போட்டா பியூசு போயிட்டே இருக்கு. வழில எல்லாரும் செய்யுதது தான…"

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. இனி என்ன, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, என் வேலையில் பழுது இல்லை என்று நினைத்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து என் கையிலிருந்து அந்தப் பியூஸை எடுத்தார். கீழே விழுந்துவிடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தினார்.

"இதுல தாளச் சுத்துனா என்னாவும்? பியூசு இருக்கதே சாவதுக்குத்தான். அத சாவ விடாம வச்சா வண்டி சாவும்" என்றார். அது நான் அவரிடம் வழக்கமாகச் சொல்லுகிற வார்த்தை. ஒரு எழுத்து மாற்றவில்லை.

தங்கபாண்டி கணேசன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் திரும்பினார். முகம் மாறியிருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி, நான் அவசரப்பட்டுட்டேன். ஒங்க கண்ணுக்குத் தப்புமா?"

"நாப்பது வருசமா பாக்கேன்லா" என்றார் இவர்.

செல்போன்காரன் போனை எப்போதோ பைக்குள் போட்டிருந்தான்.

குறடு

"நாள மறுநாள் ஒரு கல்யாண டிரிப்பு ஏத்துருக்கேன்" என்றார் தங்கபாண்டி. "அதுக்குள்ள முடிச்சுத் தந்துருங்க. ஆனா ஒண்ணு அண்ணாச்சி, இந்தத் தடவ நீங்களே கை வச்சுச் செய்யணும். மதினிய விட்டுராதிய."

நான் செய்ததில் குற்றம் இல்லை என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பார்த்த அதே ஆள்தான் இதைச் சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். சற்று முன்னால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன அதே வார்த்தைதான். புதுசாக ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

"சரி, நானே பாத்துக்கிடுதேன்" என்றார்.

நான் இடுப்பில் சொருகியிருந்த குறடை எடுத்தேன். எல்லாரும் பார்க்க அவர் முன்னால் நீட்டினேன்.

"அப்ப இப்பமே தொடங்குங்க" என்றேன். "எல்லாரும் நிக்காவள்லா, பாக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவரும் வாங்கினார். வாங்கி, அந்த முப்பதாம் கால் வயரைப் பிடிக்கக் குனிந்தார். விரல்கள் குறடின் பிடியைச் சுற்றித்தான் இருந்தன, ஆனால் அதைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. குறடு நழுவி, பம்பரில் ஒரு தட்டுத் தட்டி, சேற்றில் விழுந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததற்கு வருத்தம் என்று எழுத மாட்டேன், பார்க்கத்தான் கொடுத்தேன். அறுபது வயது ஆளின் முகம் பள்ளிக்கூடத்தில் டவுசரை நனைத்துவிட்ட பிள்ளையின் முகம்போல ஆகியிருந்தது. இதற்கு மேல் ஒருவருக்கு என்ன தெரிய வேண்டும், இந்தக் கையா இத்தனை வண்டியையும் செய்திருக்கும் என்று யாராவது ஒருத்தர் என் பக்கம் திரும்புவார் என்று நின்றேன்.

மூன்று பேர் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒருவர் குறடை எடுத்தார். இன்னொருவர் தன் தோள் துண்டால் சேற்றைத் துடைத்தார். தங்கபாண்டி அதை வாங்கி, அவருடைய இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அதற்குள் வைத்து மூடினார்.

"பைய செய்யுங்க அண்ணாச்சி. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அப்புறம் எல்லாரும் சாரலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கணேசனைத் திட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் வண்டியும் மட்டும் மிச்சம்.

அவர் குவித்த கையை அப்படியே என் பக்கம் நீட்டினார். "ஏட்டி, வாங்கு" என்றார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

வாங்கவில்லை, அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறி ஆலங்குளம் போய்விட்டேன் என்று எழுத எனக்கு எவ்வளவோ ஆசை. படிக்கிற உங்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் நாளை மறுநாள் அந்த வேனில் ஒரு கல்யாண வீடே ஏறும், பிள்ளைகளும் ஏறும். நான் செய்யாவிட்டால் அவர் தன் பெயரைக் காப்பாற்ற அந்த விரலை வைத்துக்கொண்டு தானே செய்வார்.

வாங்கிக்கொண்டேன்.